நடை தூரத்தில் சொர்க்கம்

ஓய்வுபெற்றவர்கள் கோவைக்குப் போவதே புத்திசாலித்தனம். சிறுவாணித் தண்ணீர், மலைக்காற்று, தொண்டாமுத்தூர்ப் பக்கம் மதிலுக்குள் ஒரு முழுக் கிராமம். சொந்த ஊரில் திண்ணையை இடித்து ஷட்டர் போட்டு வாடகைக்கு விட்டோம்; இங்கே அதே திண்ணைக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் கட்டுகிறோம். வழிப்போக்கர் யாரும் வந்து உட்கார்ந்துவிட மாட்டார்கள். கேட்டில் கைரேகை கேட்கிறார்கள்.

எல்லாமே நடை தூரம். யோகா கூடம், மெஸ், பிசியோதெரபி. 2019-இல் மத்திய அரசு முதியோர் குடியிருப்புகளுக்கு மாதிரி வழிகாட்டுதலே வெளியிட்டது: வழுக்காத தரை, கைப்பிடி, சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை. ஆகவே தடுக்கி விழவும் வெளியேதான் போகவேண்டும். கறிவேப்பிலைக்கும் அப்படியே. அதற்குக் கார் இருக்கிறது.

மாலையில் மதிலை ஒட்டி வட்டமடிக்கிறார்கள். எங்கும் போய்ச் சேராத நடை. அதனால்தான் எவ்வளவு நிம்மதி!

நிஜமாகவே ஒரு இடத்துக்கு நடந்து வருபவர் தோட்டக்காரர் மட்டும். பஸ் கிடையாது, தினமும் நாலு கிலோமீட்டர். இப்போது கிளப் ஹவுஸ் நிற்கிற இடத்தில் முன்பு வாழை போட்டிருந்தாராம். தங்கமான மனிதர். குடியிருப்போர் சங்கம் அவருக்கு ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்திருக்கிறது: நடைப்பயிற்சியின் நன்மைகள். வேலைநேரம் முடிந்த பிறகுதான்.