தலையைச் சீவிக்கொள்

தமிழில் கத்திக்கு உரிய வினைச்சொல்லைக் கத்தி தீர்மானிப்பதில்லை. அதன் அடியில் கிடப்பதுதான் தீர்மானிக்கிறது. வெங்காயத்தை நறுக்குவார்கள், பீன்ஸை அரிவார்கள், தர்பூசணியை வெட்டுவார்கள், மாங்காயைக் கீறுவார்கள். ஆட்டை வெட்டலாம், கோழியை அறுக்கத்தான் வேண்டும். மீனுக்கு இவை எதுவும் ஒத்துவராது, அதை ஆய்வார்கள். ஆவடிப் பக்கம் அரிவாள்மனையைக் காலால் அழுத்தி உட்கார்ந்திருக்கும் மீன்கார அம்மா, "ஆஞ்சு தரட்டா, முழுசா எடுத்துக்கிறியா?" என்று கேட்பதிலும், பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் செய்வதிலும் இருப்பது ஒரே வினைச்சொல். முன்னதில் செதிலாவது மிஞ்சும்.

இத்தனையையும் 'கட் பண்ணு' விழுங்கிவருகிறது. காயை, போனை, வகுப்பை, சம்பளத்தைக் கட் பண்ணுகிறார்கள். ரத்தம் வருவது கடைசியில் மட்டும்.

இருப்பவற்றில் ஆபத்தானது 'சீவு'. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் இளநீர் சீவுகிறார்கள், பிள்ளைகள் பென்சில் சீவுகிறார்கள். தலை என்று வந்துவிட்டால் இலக்கணம் பார்த்துத்தான் பேச வேண்டும். "தலையைச் சீவிக்கோ" என்பது தாய்ப்பாசம்; "தலையைச் சீவிடுவேன்" என்பது காவல் நிலைய விவகாரம். சீப்புக்கும் அரிவாளுக்கும் நடுவே நிற்பது 'கொள்' என்ற ஒரு துணைவினைதான்.

கேக்கை வெட்டுவார்கள். 2018 பிப்ரவரியில், பூந்தமல்லியை அடுத்த மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழாவைப் போலீசார் சுற்றி வளைத்து 70-க்கும் மேற்பட்டோரைப் பிடித்தார்கள். கேக்கை வெட்டியது அரிவாள். 'பட்டாக்கத்தியால் கேக் வெட்டி' என்பது இப்போது செய்தித்தாள்களில் அச்சுக்கோத்து வைத்த தொடர். ஊரை மட்டும் மாற்றினால் போதும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுத விதிகளின் கீழ் வரும். வீட்டு உபயோகத்துக்கானது என்றால் விலக்கு. கேக் வெட்டுவது வீட்டு உபயோகம்தானே என்று கேட்கலாம். அங்குல நாடாவோடு வந்திருப்பவரிடம் கேட்காமலிருப்பது நல்லது.

'கூர்மையான கத்தி' பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வீடுகளில் இருப்பது மொக்கைக் கத்தி. தக்காளித் தோலில் வழுக்கும், அமுக்கினால் விதையைச் சட்டையில் துப்பும். இந்த அவஸ்தையிலிருந்துதான் பேச்சாளர்களுக்கும் பட்டம் கிடைத்தது போலும்: மொக்கை, அறுவை, பிளேடு, ரம்பம். ஆனால் உவமை முழுப் பொருத்தமில்லை. ஆக்ஸா பிளேடு முன்னே தள்ளும்போதுதான் அறுக்கும், பின்னே இழுக்கும்போது சும்மா வரும் என்பது அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்ரண்டிஸுக்குக்கூடத் தெரியும். பேசுபவர் இரண்டு பக்கமும் அறுப்பார்.

மழுங்கியதைத் தீட்டலாம் அல்லது சாணை பிடிக்கலாம். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, மிதித்துக் கல்லைச் சுற்றுகிறவர் "கத்தி" என்று கத்திக்கொண்டே தெருவில் போவார். பெயர்ச்சொல்லா வினையெச்சமா என்று யாரும் நின்று விசாரித்ததில்லை. அவர் வராத மாதத்தில் கட்டுரையாளரின் வீட்டுக் கத்தி, உறவினர் ஒருவரின் டிபன் பையில் ஏறி எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்குப் போயிற்று. பெஞ்ச் கிரைண்டரில் பொறி பறக்கப் பிடித்தார்கள். திரும்பி வந்தபோது விளிம்பு நெடுக மயில்கழுத்து நீலம். வீட்டார் அழகு என்றார்கள். பக்கத்து வீட்டு டர்னர் பார்த்துவிட்டு, "சூடு ஏறி டெம்பர் போயிடுச்சு சார்" என்றார். நாலு நாளில் தக்காளி பழையபடி துப்பியது. கத்தியில் போன டெம்பர் சமையலறையில் வேறொருவருக்கு ஏறியது. இப்போது தீட்டுவது காபிக் கோப்பையின் அடிவிளிம்பில்.