பழுப்புக் கண்

கேள்வி: தினமும் ஒரு மணி நேரம் ஜெபிக்கிறேன். ‘உம் சித்தம்’ என்றும் சொல்லிவிடுகிறேன். ஆழம் வரவில்லையே?

பதில்: மளிகைச் சீட்டு மாதிரி வாசித்துவிட்டு, அடியில் ‘உம் சித்தம்’ என்று கையெழுத்துப் போட்டால் எப்படி வரும்? கேட்பது தப்பில்லை; கெத்செமனேயில் இயேசுவே மூன்று முறை கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார், அதுதான் வித்தியாசம்.

பதில் ‘இல்லை’ என்றும் வரலாம். அயர்லாந்துச் சிறுமி ஏமி கார்மைக்கேல் நீலக் கண் வேண்டி ஜெபித்துவிட்டு, விடிந்ததும் கண்ணாடி முன் ஓடினாராம். அதே பழுப்பு! பிற்பாடு மிஷனரியாக நெல்லைச் சீமையில் சேலை கட்டி நடமாடியபோது அந்தப் பழுப்புக் கண்தான் அவரை வெள்ளைக்காரி என்று காட்டிக்கொடுக்காமல் காத்தது என்பார்கள். 1931-ல் விழுந்து அடிபட்டவர், 1951-ல் அங்கே டோனாவூரில் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். எழுத்து மட்டும் நிற்கவில்லை.

நாளைக்குச் சீட்டில்லாமல் உட்காருங்கள். முதல் பத்து நிமிஷம் கேஸ் சிலிண்டர் ஞாபகம்தான் வரும். எழுந்துவிடாதீர்கள்.