துண்டுக்கடியில் ஒரு பில்
இராமநாதபுரம் சீமையில் தனியாளாகத் தொழில் செய்வோர் பலர். டிசைன் போடுகிறார்கள், கல்யாண வீடியோ எடிட் செய்கிறார்கள், வெப்சைட் கட்டிக்கொடுக்கிறார்கள். இவர்கள் வேலைகளை எந்த மென்பொருளில் அடுக்குவது, எதில் பில் போடுவது என்பது பற்றி முறையான ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. தேடியது ஒரு மாலைதான் என்பதையும் ஆய்வு நேர்மை கருதிச் சொல்லிவிடுகிறேன். இக்குறையைப் போக்க எனக்குள்ள தகுதி: கேணிக்கரையில் ஒரு மாடி அறை, ஒரு கம்ப்யூட்டர், பதினோரு இடத்தில் வராத பாக்கி.

ஆய்வுமுறைக்குத் தீர்த்தமாடல் என்று பெயரிட்டுள்ளேன். இராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியில் மொண்டு தலையில் ஊற்றுவார்கள். சொட்டச் சொட்ட அடுத்ததற்கு நகர வேண்டும். மென்பொருள்கள் பலவும் அப்படியே: சில நாள் இலவசம், பிறகு காசு. இலவசம் தீரும் அன்று நான் அடுத்த கிணற்றுக்கு நகர்ந்தேன். நகரும்போதெல்லாம் வாடிக்கையாளர் பெயர்களை முதலிலிருந்து தட்டினேன். தீர்த்தமாடினால் பாவம் தொலையும் என்பார்கள். எனக்கு ஒரு மார்ச் மாதம் தொலைந்தது.

முதலில் வேலை அடுக்கும் வகை. 2011இல் வந்த ட்ரெல்லோ, வேலைகளைச் சீட்டுகளாக்கிப் பத்தி பத்தியாக ஒட்டச் சொல்கிறது. இதன் பாட்டன் ஜப்பானின் டொயோட்டா கார்த் தொழிற்சாலையில் ஓடிய கான்பான் சீட்டு. வழக்கமான பத்திகள் மூன்று: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. இந்த மூன்றும் நம் கடற்கரைக்குப் போதா என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. ‘முடிந்தது, காசு வரவில்லை’ என்று நான்காவது பத்தி போட்டேன். ஒரு வாரத்தில் மற்ற மூன்றும் ஒல்லியாகி அது மட்டும் திரையை விட்டுக் கீழே தொங்கியது. பிறகு ‘மச்சான் வேலை’ என்று ஐந்தாவது. அதிலிருந்து எந்தச் சீட்டும் எந்தத் திசையிலும் நகர்ந்ததில்லை.

காலண்டரும் இடித்தது. மென்பொருளுக்கு அமெரிக்க விடுமுறைகள் தெரிகின்றன. ஆடி அமாவாசைக்கு முந்திய வாரம் இராமேஸ்வரத்தில் எந்த லாட்ஜ்காரரும் போனை எடுக்கமாட்டார் என்பது தெரியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது விசைப்படகு வைத்திருப்பவரிடம் ‘கெடு நெருங்குகிறது’ என்று நினைவூட்டுவது எவ்வளவு பெரிய அபத்தம் என்பதும் தெரியவில்லை.

இனி பில். கனடாவில் ஒரு டிசைனர் 2003இல் பழைய பில்லைத் திறந்து, அதன் மேலேயே புதியதைச் சேமித்துவிட்டார். பழையது போயிற்று. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் ஃப்ரெஷ்புக்ஸ். அதே தவறை நான் 2019 முதல் செய்துவருகிறேன். எனக்கு ஒன்றும் பிறக்கவில்லை. ஜிஎஸ்டியில் பதிந்தவர்களுக்கு பில் எண் வரிசை தப்பாமல், 16 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. சேவைத் தொழிலில் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால்தான் பதிய வேண்டும் என்பதால் நான் சுதந்திரப் பறவை. ஆனாலும் ‘புதியது ஃபைனல் 2’ என்று பெயரிட்ட பில்லை யாருக்கும் அனுப்பக் கூடாது.

இங்கே ஆய்வாளருக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் இரண்டு நிமிடத்தில் எழுதும் கணக்குக்கு எதற்கு இத்தனை கிணறு? என் துணிபு இது: நாம் மென்பொருள் தேடுவது கணக்குக்காக அல்ல, கூச்சத்துக்காக.

சான்று மாட்டுச் சந்தையில் இருக்கிறது. தரகர்கள் கைகளின் மேல் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து விலை பேசினார்கள். ரகசியம் காக்க என்பார்கள். வாயால் விலை சொல்லக் கூசியதால் என்று நான் வாசிக்கிறேன். உடனே மறுப்பு வரும்: இராமேஸ்வரம் மீன் ஏலத்தில் ஊரே கேட்கும்படி விலை கூவுகிறார்களே? கூவுபவர் யார் என்று கவனியுங்கள். மீன் அவருடையதல்ல, அவருக்குக் கமிஷன். படகுக்காரர் பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்கிறார். டீசலும் ஐஸும் கழித்து, மிச்சத்தைப் பங்கு பிரிக்கும்போதுதான் அவர் குரல் கேட்கிறது. ஆக, சந்தையிலும் கரையிலும் தன் பொருளுக்குத் தானே காசு கேட்பவன் இல்லை. நடுவில் ஒரு துண்டோ ஒரு தொண்டையோ வேண்டியிருக்கிறது. தனியாள் தொழிலில் இரண்டும் இல்லை. அச்சாரம் வாங்கும் நல்ல பழக்கத்தையும் ‘தெரிந்தவர்தானே’ என்று விட்டுவிட்டோம்.

சட்டமும் ஒரு துண்டு நெய்து வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் பதிவு பெற்ற சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் காசு வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. படிக்க மனம் குளிர்கிறது. உறவுக்காரரிடம் எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

இப்படியாக 22வது கிணற்றில், தானாக நினைவூட்டல் அனுப்பும் வசதி ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்து, ஸோஹோ இன்வாய்ஸைத் தேர்ந்தேன். 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009இல் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம்; தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கிறது. நம்ம பக்கத்து ஆள் கேட்டால் கொஞ்சம் மரியாதையாகக் கேட்பான் என்ற எண்ணமும் உண்டு. முக்கியக் காரணம், இது இலவசம். ஆய்வு முடிவுகளில் இதைக் கடைசியில் எழுதுவது மரபு.

முதல் நினைவூட்டல் சித்தப்பாவுக்குப் போனது. அவருடைய லாட்ஜுக்குப் பெயர்ப்பலகையும் கார்டும் செய்து எட்டு மாதம். மறுநாள் காலையில் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

“என்னப்பு, கோர்ட்டு நோட்டீஸ் கணக்கா அனுப்பியிருக்க?”

“நான் இல்ல சித்தப்பா, கம்ப்யூட்டர் அதுவா அனுப்புனது.”

“வாயத் தொறந்து கேட்டா குடுக்கமாட்டனா? எவ்வளவு?”

“அதுலயே போட்டிருக்கும் சித்தப்பா.”

“கண்ணாடி எடுத்தாரல. நீயே சொல்லு.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் தோளில் துண்டு கிடந்தது.