குபேரனின் கடன் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவரின் மனைவி, சித்தூர்.

பெறுநர்: உயர்திரு குபேரன் அவர்கள், நிதிகளுக்கெல்லாம் அதிபதி, அளகாபுரி.

பொருள்: திருமலை சீனிவாசன் பெயரில் உள்ள திருமணக் கடன் – நெடுநாள் நிலுவை – கணக்குப் பார்க்க ஆள் நியமிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

என் வீட்டுக்காரர் அண்மையில் பணி ஓய்வு பெற்றார். சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் மீசை கறுத்திருந்தபோது சேர்ந்து, அதே பிரிவில் தலை முழுக்க நரைத்து வெளியே வந்தவர். விழாவில் எனக்கும் மேடையில் ஒரு நாற்காலி போட்டார்கள். அவருக்கு ஒரு சால்வை, எனக்கு ஒரு சால்வை, இருவருக்கும் சேர்த்து வெங்கடேசப் பெருமாள் படம் ஒன்று. பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலுமாகப் பேசிய அத்தனை பேரும், "இனிமேல் சார் முழு நேரமும் குடும்பத்தோடு இருக்கலாம்" என்று வாழ்த்தினார்கள். குடும்பத்திடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

இந்த நாளுக்காக நான் காத்திருந்தது கொஞ்சநஞ்சமல்ல. ஓய்வு வயது 58 என்று இருந்த காலத்திலேயே காசிக்குப் போகத் திட்டம் போட்டிருந்தேன். 2014-ல் மாநிலம் பிரிந்ததும் ஆந்திராவில் அது 60 ஆனது. 60 நெருங்கி வரும்போது, 2022 ஜனவரியில், 62 ஆனது. இரண்டு முறையும் அவர் அரை கிலோ மைசூர்பாகோடு வீட்டுக்கு வந்தார். என்.டி.ராமாராவ் 1983-ல் 58-ஐ 55 ஆகக் குறைத்ததைச் சொல்லிப் பழைய ஊழியர்கள் இன்றும் பல்லைக் கடிப்பார்கள். அப்போது அந்த வீடுகளின் சமையலறைகளில் என்ன நடந்திருக்கும் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை பத்து மணிக்கு, குளித்து, இஸ்திரி போட்ட சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு, சமையலறை வாசலில் வந்து நின்றார். "சரக்குப் பதிவேடு எங்கேம்மா?" என்றார். அப்படி ஒன்று இல்லை என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை எங்கள் கல்யாணப் போட்டோவில்கூடப் பார்க்க முடியாது. மதியத்துக்குள் நீள நோட்டு ஒன்றில் கோடு போட்டு, துவரம்பருப்பு, உளுந்து, கடுகு என்று தலைப்பெழுதி, ஆரம்ப இருப்பைப் பதிந்துவிட்டார். கடுகை நிறுக்கத் தராசு கேட்டார்.

பிறகு ஆட்சேபணைகள் வரத் தொடங்கின, எல்லாம் எழுத்து மூலமாக. பால் கணக்கில் ஒருநாள் அரை லிட்டர் கூடுதல்: "விருந்தினர் வந்ததற்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை." கறிவேப்பிலை கொசுறாகக் கிடைத்தது என்றேன்: "இலவசமாகப் பெற்றதையும் வரவில் காட்ட வேண்டும்." பூக்காரம்மாவும் கீரைக்காரரும் ரசீது தர முடியாது என்று சிரித்துவிட்டுப் போனதால், அவர்களுக்குக் கொடுத்த தொகை முழுவதும் "அனுமதிக்கப்படாத செலவு" ஆயிற்று.

கடைசியில் தணிக்கை அரிசி டின்னுக்கு வந்தது. நிதிக்கே அதிபதியான தங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? மகள் வந்துவிட்டுப் போகும்போது கையில் திணிக்க, நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட, தம்பி மகன் கல்யாணத்தில் பிறந்த வீட்டு மானம் காக்க என்று எந்த வீட்டிலும் அரிசிக்கடியில் ஒரு தனி நிதி உண்டு. 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோதுகூட வெளியே வராத நிதி எங்களுடையது; எல்லாம் நூறு ரூபாய்த் தாளாக வைத்திருந்தேன். அதை அவர் எண்ணினார். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். நோட்டில் "அனாமத்து" என்று தலைப்பிட்டுத் தொகையை எழுதி, "மூலம் விளக்கப்பட வேண்டும்" என்று பக்கத்தில் சிவப்பு மையால் குறித்தார். அவருடைய ஒரே சம்பளத்தில் ஒரு வீட்டையும் நடத்தி, அதில் மிச்சமும் பிடித்தவளிடம் மூலம் கேட்கிறார், ஐயா.

திருமலையில் தினமும் காலையில் தோமாலை சேவை முடிந்ததும் கொலுவு நடப்பது தங்களுக்குத் தெரிந்ததே. கொலுவு சீனிவாசர் முன் பஞ்சாங்கம் படிப்பார்கள்; முந்தைய நாள் உண்டியலில் என்ன விழுந்தது என்று கணக்கு வாசிப்பார்கள்; எள்ளும் வெல்லமும் கலந்து நிவேதனம் செய்வார்கள். எங்கள் வீட்டிலும் இப்போது தினம் காலையில் கொலுவு நடக்கிறது. கணக்கு வாசிப்பவர் அவர், பதில் சொல்ல வேண்டியவள் நான், எள்ளையும் வெல்லத்தையும் இடிக்க வேண்டியவளும் நான்.

அப்படி ஒரு கொலுவில் பேச்சை மாற்றுவதற்காகத்தான் தங்கள் கடனைப் பற்றி எடுத்துவிட்டேன். பத்மாவதியைக் கைப்பிடிக்கச் சீனிவாசனிடம் காசில்லை; தாங்கள் கொடுத்தீர்கள். ஒரு கோடியே 14 லட்சம் பொன் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பிரம்மாவும் சிவனும் சாட்சி, கூடவே ஓர் அரச மரமும் சாட்சி. கலியுகம் முடியும்வரை வட்டி, முடிவில் அசல் என்பது ஏற்பாடு. நாராயணவனத்தில் கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணத்துக்கு அரைத்தது என்று ஒரு பெரிய திரிகைக்கல்லை இன்றைக்கும் அந்தக் கோயிலில் காட்டுகிறார்கள். கடன் பத்திரத்தைத்தான் எங்கேயும் காட்டுவதில்லை.

கேட்டதும் அவர் பேனாவை மூடினார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேள்விகள் கொட்டத் தொடங்கின. வட்டி விகிதம் என்ன? தனி வட்டியா, கூட்டு வட்டியா? அரச மரம் சாட்சிக் கையெழுத்துப் போட்டதா, கைநாட்டு வைத்ததா? இதுவரை வரவான வட்டிக்குத் தங்கள் தரப்பு ரசீது எங்கே? கலியுகத்துக்கு 4,32,000 ஆண்டு ஆயுள். அதில் கழிந்தது 5,100-க்குச் சற்று மேல். இவ்வளவு நீண்ட தவணைக்கு எந்த மேலாளர் ஒப்புதல் கொடுத்தார்? நூற்றுக்கு வெறும் ஒரு ரூபாய் ஆண்டு வட்டி என்று வைத்து, 5,000 ஆண்டுக்குக் கூட்டு வட்டி போட்டுப் பார்த்தார். அசலைப் பெருக்க வேண்டிய எண்ணே 22 இலக்கத்தில் வந்து நின்றது. அவ்வளவு பொன் பூமியில் கிடையாது. அன்றைக்கு அவருக்குக் கடுகு நினைவே வரவில்லை. பல நாளைக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தாளித்தேன்.

அவர் அதோடு விடவில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 2025-26 பட்ஜெட்டைத் தேடிப் பிடித்தார். மொத்தம் சுமார் 5,258 கோடி ரூபாய். உண்டியலில் எதிர்பார்க்கும் வரவு 1,729 கோடி. வங்கி வைப்புகளிலிருந்து வட்டியாக எதிர்பார்ப்பது 1,310 கோடி. இந்த இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடன் வாங்கியவர் வட்டி கட்டுவதுதான் உலக வழக்கு. இங்கே கடன் வாங்கியவர் வட்டி வாங்கிக்கொண்டிருக்கிறார். செலவுப் பக்கத்தில் சம்பளம் இருக்கிறது, கொள்முதல் இருக்கிறது, குபேரன் என்று ஒரு தலைப்பு இல்லை. இரட்டைப் பதிவு முறையை விளக்கி வெனிஸ் நகரத்தில் பாச்சோலி புத்தகம் அச்சிட்டதே 1494-ல்தான், அதற்கு முந்தைய கடன் என்பதால் பொறுப்புப் பக்கத்தில் ஏறாமல் விட்டுப்போயிருக்கலாம் என்று பெருந்தன்மையோடு குறிப்பெழுதி வைத்திருக்கிறார்.

தங்கள் ஏட்டில் கடனாளியின் முகவரியையும் திருத்த வேண்டும். ஆற்காட்டு நவாபின் சீமையில் இருந்தவர் 1801-ல் கும்பெனியார் கைக்குப் போனார். 1843-ல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் நிர்வாகம் போயிற்று, 1933-ல் தேவஸ்தானக் கமிட்டியிடம் வந்தது. ஜில்லா என்று பார்த்தால் முதலில் வடஆற்காடு, 1911 முதல் சித்தூர், 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி. மாநிலம் முதலில் சென்னை, 1953-க்குப் பிறகு ஆந்திரா. இத்தனைக்கும் கடனாளி நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை.

கும்பெனிக் காலத்தில் வடஆற்காட்டுக்குத் தலைநகரம் எங்கள் சித்தூர்தான். மலைக்கோயிலை எப்படி நடத்துவது, கணக்கை எப்படி வைப்பது என்று 1821-ல் புரூஸ் துரை விதிகள் வகுத்ததும் அந்த நிர்வாகத்தில்தான். ஆகவே பெருமாள் கணக்கு சித்தூர்க்காரர்களுக்குப் புதிதல்ல என்பதை முன்னனுபவமாகக் கருத வேண்டுகிறேன்.

கணக்குப் பார்க்கும் இந்தப் பதவியில் முன்பு இருந்தவர் யார் என்பதும் ஊரறிந்த விஷயம். கீழ்த் திருப்பதியில் ராமானுஜர் பிரதிஷ்டை செய்த கோவிந்தராஜர், தங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை அளந்து அளந்து களைத்துப்போய், மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார் என்பார்கள். என் அனுபவத்தில், உலகத்திலேயே உருப்படியாக ஓய்வு பெற்ற கணக்கர் அவர் ஒருவர்தான். படுத்தார், உறங்கினார், தாயாரின் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. அவர் இடம் இன்றுவரை நிரப்பப்படவில்லை.

பத்மாவதித் தாயாரையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் ஏழுமலைமேல், தாயாரோ அடிவாரத்துக்கும் அப்பால் திருச்சானூரில். இரவில் பெருமாள் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போகிறார், நடந்து நடந்து பாதுகை தேய்கிறது என்பது நம்பிக்கை. அலிபிரியில் பக்தர்கள் அந்தப் பாதுகையைத் தலையில் வைத்து வணங்குவார்கள். முன்பெல்லாம் எனக்குத் தாயாரை நினைத்தால் பாவமாக இருக்கும். இப்போது பொறாமையாக இருக்கிறது.

இனி, இந்தப் பணிக்கு என் வீட்டுக்காரரின் தகுதி. ஒரு மார்ச் 31 இரவு, வரவும் செலவும் ஒட்டாமல் 36 ரூபாய் உதைத்தது. மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இவர் ஒப்பவில்லை. வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறது, அப்படியென்றால் யாரோ இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பேரேட்டைப் புரட்டி, 84 இருக்க வேண்டிய இடத்தில் 48 இருப்பதை விடிவதற்குள் கண்டுபிடித்தார். மாநிலம் பிரிந்தபோது 58.32-க்கு 41.68 என்ற பங்கீட்டு விகிதம் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய், வீட்டில் மீந்த வடையையும் அதே விகிதத்தில்தான் பிரித்தார். (பெரிய பங்கு எனக்கு. இதை மறைக்கக் கூடாது.) சிவப்பு மை, கறுப்பு மை என்று பேரேட்டிலேயே வளர்ந்தவர், 2018-ல் எல்லாம் கணினிக்குப் போனபோது பேரன் வயதுப் பையனிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். தீபாவளிக்குக் காண்டிராக்டர்கள் அனுப்பிய ஸ்வீட் பாக்ஸுகளைத் திருப்பி அனுப்பி, திருப்பியதற்கு ஒப்புகை வாங்கிக் கோப்பில் வைத்திருப்பவர். அவர் கைபட்ட கணக்கில் ஒரு பைசா யார் வீட்டுக்கும் போனதில்லை, எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான். வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டே இதை எழுதுகிறேன். இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, பெருமைதான். அந்தப் பெருமை பகல் முழுக்க அடுப்படியில் வந்து நிற்பதுதான் தாங்கவில்லை.

உண்டியல் எண்ணும் பரகாமணிக்கு அனுப்பலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். சொல்லிப் பார்த்தேன். எண்ணுவது வேறு, கணக்கு வேறு என்கிறார். அங்கே பை வைத்த உடை கூடாது. இவருக்கோ பேனா செருகப் பை இல்லாமல் கை ஓடாது.

சம்பளம் வேண்டாம், பென்ஷன் வருகிறது. உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சித்தூருக்கு அனுப்பிவைத்தால் போதும். மதியச் சாப்பாடு நான் கேரியரில் அனுப்பிவிடுகிறேன். அதற்கான செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவரே முடிவு செய்யட்டும். ஆனி மாதக் கடைசியில் நடக்கும் ஆனிவார ஆஸ்தானம் மலையில் பழைய கணக்காண்டின் தொடக்கம். சாவிக்கொத்தைப் பெருமாள் பாதத்தில் வைத்து எடுக்கும் அந்த நாளில் பணியில் சேர்வது முறையாக இருக்கும். ஆனால் அதுவரை பொறுக்க என்னால் ஆகாது.

ஆகவே, கலியுகம் முடிய இன்னும் நாலே கால் லட்சம் ஆண்டுக்கு மேல் இருப்பதைக் கருத்தில் கொண்டு, இந்தக் கணக்கை என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்து, வரும் திங்கட்கிழமையே அவர் பணியில் சேர உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வேலை நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை இருக்கட்டும். சனிக்கிழமையும் வரச் சொல்லுங்கள். ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வேண்டும். அன்று அவருக்குப் பிடித்த கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் செய்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணக்கரின் மனைவி.