கடலை ஆற்றுவது யார்?

கேள்வி: எங்கள் பெரம்பலூர் மாவட்டக் காரையில் மண்ணைக் கிளறினால் அம்மோனைட் என்ற கடல் உயிரியின் புதைபடிவம் கிடைக்கிறது. கடல் இருந்த ஊராம். இன்று குடத்துக்கே தண்ணீர் இல்லை! கடலுக்குள் குட்டி நீரோட்டங்கள் சூட்டைக் கீழிருந்து மேலே தூக்குமாமே, எப்படி?
– வாசகர், குன்னம்

பதில்: கடல் எங்கே போயிற்று? கோடிக்கணக்கான ஆண்டு பழைய அந்தக் கடலின் சுண்ணாம்பைத்தான் அரியலூரில் சிமென்ட் மூட்டையாகக் கட்டி விற்கிறார்களே!

இனி இன்றைய கடலுக்கு வருவோம். வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் பக்கம் பக்கமாக நின்றால் சும்மா இருக்காது. எடை குறைந்த வெதுநீர் சரிந்து மேலேறும், கனமான தண்ணீர் அடியில் புகும். பேருந்தில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் தள்ளுமுள்ளு மாதிரிதான். இப்படிப் பிறக்கும் குட்டி நீரோட்டங்களுக்கு அகலம் சில கிலோமீட்டர், ஆயுள் சில நாள். ஆனாலும் சூட்டை மேலே கொண்டுவருவதில் நூறு கிலோமீட்டர் அகலப் பெருஞ்சுழல்களையே மிஞ்சிவிடும்.

நம் வங்கக்கடல் இன்னும் வினோதம். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர், உப்புநீர்மேல் பாலேடுபோல் மிதக்கும். குளிர்காலத்தில் வடபகுதியில் ஏடு ஆறிக் கிடக்க, அடியில் பால் சூடாக இருக்கும்! 2015-இல் இந்திய ஆய்வுக் கப்பல் ‘சாகர் நிதி’ ஓர் அமெரிக்கக் கப்பலோடு போய், குட்டி நீரோட்டங்கள் பிறக்கும் இந்த ஏட்டின் விளிம்புகளைத்தான் அளந்தது. பருவமழைக்கும் புயலுக்கும் தீனி கடலின் சூடுதானே.

காரையில் பொறுக்கிய அம்மோனைட்டை மட்டும் சட்டைப்பையில் போடாதீர்கள். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய்ப் பாருங்கள்.