சுவிட்ச் அண்ணாச்சி

சாத்தூருக்கு அருகே கரிசல் காட்டின் நடுவே, மழை பெய்தால் சகதியும் பெய்யாவிட்டால் புழுதியுமாக விளங்கும் அச்சங்குளத்தில், மின்சாரம் நின்ற மறுகணம் ஜனங்கள் செய்யும் காரியங்கள் பலவகைப்படும். சிலர் அடுத்த வீட்டிலும் நின்றுவிட்டதா என்று எட்டிப் பார்த்து, நின்றிருந்தால் திருப்தியடைவார்கள். சிலர் பனையோலை விசிறியைத் தேடுவார்கள். சிலர் மின்வாரியத்தின் வம்சாவளியையே விசாரிக்கத் தொடங்குவார்கள். ஒரே ஒருவர் மட்டும் அதுவரை கவிந்திருந்த சோர்வெல்லாம் நீங்கி, முகம் மலர்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திண்ணையை ஒட்டிய சுவரை நோக்கி நிதானமாக நடப்பார். அவர்தாம் சுவிட்ச் அண்ணாச்சி. இத்தகைய பிரகிருதிகள் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவர் உண்டென்றாலும், அச்சங்குளத்து அண்ணாச்சியிடம் உள்ள சில விசேஷங்கள் மற்றவர்களுக்கு வாய்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சுவர் சாமானியமான சுவரன்று. மேலே மீட்டர், அதன் கீழே வெள்ளைப் பீங்கானில் பீஸ் கட்டைகள், அதற்கும் கீழே, ஒரு புறம் ‘இ.பி.’ என்றும், மறுபுறம் ‘ஜெனரேட்டர்’ என்றும், நடுவில் ‘ஆஃப்’ என்றும் மூன்று நிலைகள் கொண்ட சேஞ்ச்ஓவர் சுவிட்ச். தரையில் சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் 150 ஆம்பியர்-மணி பேட்டரியும் அதன் தலைமேல் இன்வெர்ட்டரும். கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் ஒரு டீசல் ஜெனரேட்டர். இத்தனை பரிவாரமும் ரட்சித்து வருவது மூன்று மின்விசிறிகளையும் சில விளக்குகளையும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும்தான். சுவரில் சிவப்புப் பெயிண்டால் இரண்டு வாசகங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ‘தொடாதே’ என்பது பேரப்பிள்ளைகளுக்கு. ‘கேட்டுத் தொடவும்’ என்பது மருமகனுக்கு. மனைவிக்கு எழுத்துமூலமான உத்தரவு ஏதும் கிடையாது; அவருக்கானவை யாவும் வாய்மொழிச் சட்டங்கள். பேட்டரியில் ஓடும்போது மிக்ஸி கூடாது, கிரைண்டர் கூடாது, இஸ்திரிப் பெட்டியை நினைக்கவும் கூடாது.

விருந்தாளிகளுக்கும் சலுகை இல்லை. வேர்வையில் நனைந்த உறவினர் ஒருவர் தயங்கித் தயங்கி, “அண்ணாச்சி, உள் ரூம்பு ஃபேனையும் போட்டுக்கிட்டா என்ன?” என்று கேட்டுவிட்டால் போதும்.

“தாராளமாப் போடலாம். பன்னெண்டு வோல்ட்டை நூத்தம்பதால பெருக்குங்க. ஆயிரத்து எண்ணூறு. அதுல பாதிக்கு மேல உறிஞ்சினா பேட்டரிக்கு ஆயுசு குறைஞ்சிரும். அப்ப மிச்சம் தொள்ளாயிரம். ஒரு ஃபேனுக்கு எழுபத்தஞ்சு, ஒரு டியூப் லைட்டுக்கு நாப்பது. இன்வெர்ட்டர் தின்னது போக ஆறரை மணி நேரம் வரும். இன்னொரு ஃபேனைப் போட்டா நாலு மணிதான். விடியக்காலம் வேர்த்துக் கொட்டும்போது என்னையக் கேக்கப்படாது.”

“அரை மணியில கரண்ட் வந்துரும்னு சொல்றாகளே?”

இதைக் கேட்டதும் அண்ணாச்சி அந்த உறவினரைப் பார்க்கும் பார்வையில், யாகசாலைக்குள் செருப்புடன் நுழைந்தவனைக் காணும் புரோகிதரின் துக்கம் இருக்கும்.

இவருக்கு மின்சாரத்தின்மேல் இவ்வளவு பக்தி ஏற்பட்டதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. உத்தியோக காலம் முழுவதும் அவர் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். மருந்து கலக்கும் அறையில் விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை. வேலையெல்லாம் பகல் வெளிச்சத்தில்தான். உடம்பில் தங்கும் நிலைமின்னைத் தரைக்கு இறக்குவதற்காக, வாசலிலுள்ள உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டே உள்ளே நுழைய வேண்டும். இவ்வாறு வாலிபம் முழுவதும் மின்சாரத்தை விலக்கப்பட்ட கனியாகக் கருதி வாழ்ந்த மனிதர், ஓய்வு பெற்றவுடன் வந்த பணத்தில் நிலம் வாங்காமல் ஜெனரேட்டர் வாங்கியதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அன்றியும், தளர்ந்த இணைப்பில் பொறி பறக்கிறதென்று அவர் எச்சரித்தால் ஊரில் யாரும் நகைப்பதில்லை. 2021 பிப்ரவரியில் இவ்வூர்ப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பிறகு, பொறி என்ற வார்த்தையை இங்கே எவரும் விளையாட்டாகச் சொல்வதில்லை.

சேஞ்ச்ஓவர் சுவிட்சின் விஷயத்தில் அவர் சொல்வது முழுக்க முழுக்க நியாயம் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சிக்கனத்தை உத்தேசித்து இந்தச் சுவிட்சை வைக்காமல் ஜெனரேட்டரை நேரே வீட்டு இணைப்பில் மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி மாட்டினால், வீட்டில் பிறந்த மின்சாரம் கம்பி வழியே தெருவுக்குப் புறப்பட்டுப் போய், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி, 230 வோல்ட்டாக இருந்தது 11,000 வோல்ட்டாக உருவெடுத்து, லைன் செத்திருக்கிறதென்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைப் பலி கொண்டுவிடும். ஒரு பக்கம் சேரும்போது மறு பக்கம் பிரிந்தே தீர வேண்டும் என்பதே அந்தக் கைப்பிடியின் தாத்பரியம். இதை விளக்கும்போது அண்ணாச்சியின் குரல் தழுதழுக்கும். ஊர் லைன்மேன் அவர் வீட்டில் மட்டும் மறுக்காமல் காப்பி சாப்பிடுவதற்கு இதுவே காரணம் என்று கேள்வி.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பேட்டரிக்கு அபிஷேகம். ஒரு ரூபாய் நாணயத்தால் ஆறு மூடிகளையும் வரிசையாகத் திருகித் திறந்து, ஒவ்வொரு அறையிலும் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்து, டிஸ்டில்டு வாட்டரைத் துளித் துளியாக வார்ப்பார். அந்தச் சமயத்தில் அவரோடு யாரும் பேசக்கூடாது. அடுத்த தெருக்காரர் ஒருவர் தம் பேட்டரியில் போர்த் தண்ணீரை ஊற்றினார். அந்த உப்புக்குத் தகடுகள் என்ன கதிக்கு ஆளாயின என்ற வரலாற்றை மட்டும் அண்ணாச்சி தாமாகவே சொல்வார். பிறகு முனைகளில் பூத்திருக்கும் பச்சை உப்பை வெந்நீரால் கழுவித் துடைத்து வாசலின் தடவுவார். பித்தவெடிப்புக்கென்று அவர் மனைவி வாங்கி வைக்கும் வாசலின் மாதந்தோறும் இவ்விதமே மறைகிறது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பும் என்ற காரணத்தால் சாமி விளக்கும் கூடத்திலிருந்து அடுக்களைக்குக் குடிபெயர்க்கப்பட்டது. தெய்வங்கள் ஆட்சேபம் சொல்லவில்லை. மனைவி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அண்ணாச்சியின் பொற்காலம் 2012. சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றிருக்க, மற்ற மாவட்டங்கள் நாளில் பாதிக்கு மேல் இருளில் கிடந்த வருஷம் அது. சிவகாசி அச்சகங்கள் டீசலைக் குடித்து உயிர் வாழ்ந்தன. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் வந்து நிறைந்தார்கள். கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். கயத்தாற்றுப் பக்கம் ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுழலத் தொடங்கினால் மின்வெட்டு குறையுமென்று ஊரே காற்றை வாழ்த்தியபோது, அவர் ஒருவர் மட்டும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “இந்தக் காத்து உடம்புக்கு ஆகாது” என்றார். 2013 அக்டோபரில் கூடங்குளத்தின் முதல் அணுஉலை மின்தொகுப்பில் இணைந்த செய்தியை வாசித்துவிட்டு அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லையாம். அடுத்தடுத்த வருஷங்களில் மின்வெட்டு அபூர்வமாகிவிட்டது. போதாக்குறைக்கு எல்.இ.டி. விளக்கு வந்து, பேட்டரிக்கு இருந்த சொற்ப வேலையையும் குறைத்துவிட்டது.

இந்த நிலையில்தான், துபாயில் உல்லாசப் படகுகளைப் பராமரிக்கும் வேலையிலிருக்கும் அவர் தங்கை மகன், வீடியோ அழைப்பில் தன் படகின் உள்ளறையைக் காட்டினான். படகு கரையில் கட்டிக் கிடந்தது. கரையிலிருந்து தடித்த கேபிள் ஒன்று படகுக்குள் சென்றது. கரை மின்சாரம் சார்ஜரை ஊட்டுகிறது, சார்ஜர் பேட்டரிகளை ஊட்டுகிறது. விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு பேட்டரித் தொகுதி, இன்ஜினை எழுப்புவதற்கென்றே தனியாக ஒன்று. சுவரில் ‘1’, ‘2’, ‘இரண்டும்’, ‘ஆஃப்’ என்று நான்கு நிலைகள் கொண்ட சிவப்புக் குமிழ்.

அண்ணாச்சி நெடுநேரம் அந்தக் குமிழைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மாப்ள, ராத்திரி அது ‘இரண்டும்’ல கிடக்கக் கூடாது. விருந்தாளி ஃபேன் போட்டே ரெண்டையும் காலி பண்ணிருவான், காலையில இன்ஜின் எந்திரிக்காது. இன்ஜின் ஓடும்போது ‘ஆஃப்’புக்குத் திருப்பினா ஆல்டர்னேட்டர் டயோடு போயிரும். கரையில இருந்து வர்ற வயர்ல ஃபேஸும் நியூட்ரலும் மாறிக் கிடக்கான்னு டெஸ்டர் வச்சுப் பாத்தியா?” என்றார்.

“மாமா, ரெண்டு நாளாக் கிளாஸ் எடுத்து இதைத்தானே எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாக!” என்று பையன் வாயைப் பிளந்தான்.

மாலுமியாகியிருக்க வேண்டிய மனிதர், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் தண்ணீர் காணும் கண்மாய்க் கரையில் பிறந்துவிட்டார். அன்று முதல் அவர் வீட்டில் மின்சாரத்துக்கு ‘கரை கரண்ட்’ என்று பெயர். “கரை கரண்ட் இருக்கா?” என்று அவர் கேட்டால், புரிந்துகொண்டு பதில் சொல்லுமளவுக்கு அவர் மனைவியும் தேறிவிட்டார்.

இப்போது அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே திருநாள், துணைமின் நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. ‘காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இருக்காது’ என்று நாளிதழில் வரும் அறிவிப்பைக் கத்தரித்துக் காலண்டரில் ஒட்டிவைப்பார். சென்ற முறை, முதல் நாளே டீசலை நிரப்பி, அதிகாலையில் ஸ்நானம் செய்து, திருநீறு பூசி, எட்டே முக்காலுக்கே சுவரடியில் நாற்காலியைப் போட்டு அமர்ந்துவிட்டார். ஒன்பது அடித்தது. மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. ஒன்பதேகால் ஆயிற்று. அப்போதும் சுழன்றது. பொறுமையிழந்த அண்ணாச்சி மின்வாரிய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார்.

“ஐயா, அச்சங்குளத்துல இருந்து பேசுதேன். ஒன்பதுன்னு போட்டிருந்தீகளே, கரண்ட் இன்னும் போகலையே?”

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பணியை வேறொரு நாளைக்கு மாற்றிவிட்டதாக ஒரு வழியாகப் பதில் கிடைத்தது. அண்ணாச்சி கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். சுவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்து, ‘இ.பி.’யிலிருந்து ‘ஆஃப்’புக்கு இழுத்துவிட்டார்.

“என்னங்க, மாவு பாதி ஆட்டிக்கிட்டு இருக்கையிலே கிரைண்டர் நின்னுபோச்சே!” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“மாதாந்திரப் பராமரிப்பு. அஞ்சு மணிக்குத்தான் வரும்” என்று சொல்லிக்கொண்டே அவர் ஜெனரேட்டர் கொட்டகையை நோக்கி நடந்தார்.