தள்ளிவிட ஒரு மலை

தமிழ் சினிமா ரசிகனிடம் மலை என்று சொல்லிப் பாருங்கள். மனசு நேராக ஊட்டிக்குப் போகும். அங்கே ரூம் கிடைக்காவிட்டால் கொடைக்கானலுக்கு. ஸ்வெட்டர், மஃப்ளர், கையுறை சகிதம் கதாநாயகன், இவற்றில் எதுவுமே தரப்படாமல் மெல்லிய புடவையில், பல் கிட்டாமல் சிரித்துக்கொண்டிருக்கும் கதாநாயகி, பின்னால் யூகலிப்டஸ், அதற்கும் பின்னால் மேகமா, புகை மெஷினா என்று இன்றுவரை தீர்ப்பாகாத ஏதோ ஒன்று. பழைய பட ஏக்கம் என்று நாம் பெருமூச்சு விடுவதில் பாதி இந்தக் குளிர்தான். இந்த வரிசையில் ஏற்காட்டுக்கு இடமே கிடையாது. சேர்வராயன் மலைமேல் காப்பித் தோட்டமும் ஏரியும் கான்வென்ட்டுமாக அது பாட்டுக்கு இருக்கிறது. 'ஏழைகளின் ஊட்டி' என்று ஒரு பட்டத்தைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டோம். என் கட்சி வேறு. தமிழ்ப் படத்தில் ஒரு மலை பார்த்த வேலைகளிலேயே பெரிய வேலையைப் பார்த்தது ஏற்காடு. ஊட்டி ஆயிரம் டூயட்டுக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறது. ஏற்காடு ஒரே ஒரு ஆளைக் கீழே அனுப்பியது. அந்த ஒரு ஆளுக்காக ஆயிரம் டூயட்டையும் விட்டுக்கொடுக்கலாம்.

அந்த ஆள் பார்த்திபன். 1950இல் வந்த 'மந்திரி குமாரி'யின் வில்லன். ராஜகுருவின் செல்லப் பிள்ளை. தளபதி பதவி தனக்குத்தான் என்று இருந்தான், அது எம்.ஜி.ஆருக்குப் போய்விட்டது. வாரிசுக்குப் பதவி கிடைக்காவிட்டால் நாட்டில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டாம். பகலில் பெரிய வீட்டுப் பிள்ளையாகவும் ராத்திரியில் கொள்ளைக்காரனாகவும் இரண்டு ஷிப்ட் பார்க்கிறான். கொள்ளையைக் கலை என்று நிரூபிக்கக் கைவசம் வாதமும் வைத்திருக்கிறான், வசனம் மு. கருணாநிதி என்பதால் கொஞ்ச நேரம் நமக்கே நியாயமாகப் படுகிறது. எஸ்.ஏ. நடராஜன் என்ற நடிகரை இந்த ஒரு வேடத்துக்காகவே நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. இவன் மனைவி அமுதவல்லி, மந்திரியின் மகள். நடித்தவர் மாதுரி தேவி. இவளைத் தீர்த்துக்கட்டுவதென்று முடிவு செய்தவன், மலை உச்சிக்கு உலாவக் கூட்டிப்போகிறான். போகிற வழியில் திருச்சி லோகநாதன் குரலில் அவன் அழைக்க, ஜிக்கி குரலில் அவள் பதில் பாட, ஜி. ராமநாதன் போட்ட மெட்டு கொலைக்குத் துளியும் சம்பந்தமில்லாத நயத்தோடு மலை ஏறுகிறது. எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டியதில்லை; இந்த வரியைப் படிக்கும்போதே பாதிப் பேர் முணுமுணுக்க ஆரம்பித்திருப்பீர்கள். உச்சியில் உண்மை தெரிந்ததும் அமுதவல்லி அழுது புரளவில்லை. சாவதற்கு முன் கணவனை மூன்று முறை வலம் வந்து கும்பிட அனுமதி கேட்கிறாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. சுற்றுகிறாள். முதுகுப் பக்கம் வந்ததும் ஒரே தள்ளு.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த நேரத்தில் எம்.ஜி.ஆர். எங்கே இருந்தார் என்பதுதான். மலையில் இல்லை. படத்தின் கதாநாயகன் அவர். கத்தியும் இருக்கிறது, சுழற்றவும் தெரியும், வில்லனும் கண்ணுக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறான். இருந்தும் வில்லனின் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பு அவரிடம் தரப்படவில்லை. ஜனங்கள் எழுபது வருஷத்துக்கு மேலாகப் பாடிக்கொண்டிருக்கும் பாட்டும் அவருடையது இல்லை. பின்னாளில் அவர் நடித்த எந்தப் படத்திலாவது வில்லனை வேறொருவர் தள்ளிவிட்டுப் போக தியேட்டர் சும்மா இருந்திருக்குமா? முன் வரிசை நாற்காலி ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. அந்தச் சலுகை ஒரு பெண்ணுக்கும் ஒரு மலைக்கும் மட்டும் கிடைத்தது. ஊட்டி டூயட்டில் நாயகிக்கு என்ன வேலை? மரத்தைச் சுற்றுவது. இங்கே புருஷனைச் சுற்றுகிறாள். மரத்தைச் சுற்றினால் கதை அங்கேயே நிற்கும். பாட்டு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், நடுவில் வெளியே போய் முறுக்கு வாங்கி வந்தவனுக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அமுதவல்லியின் மூன்று சுற்றுக்கு நடுவே முறுக்கு வாங்கப் போனவன், திரும்பி வந்து வேறு படத்தைத்தான் பார்ப்பான்.

இந்தத் தள்ளு, படம் எடுத்த சேலத்தில் கண்டுபிடித்ததும் இல்லை. கருணாநிதி அதை ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியிலிருந்து எடுத்தார். வணிகன் மகள் ஒருத்தி கொலைக்களத்துக்குப் போகும் திருடனைப் பார்த்து மயங்கிக் கல்யாணம் செய்துகொள்கிறாள். திருடன் பிறகு அவளையே மலைமேல் கொண்டுபோய்க் கொல்லப் பார்க்கிறான். வலம் வந்து வணங்குகிறேன் என்று சொல்லி அவள் முந்திக்கொள்கிறாள். பௌத்தப் பாலி உரைகளிலும் இந்தக் கதை இருக்கிறது. அங்கே சம்பவம் நடப்பது ராஜகிருகத்தில், திருடர்களைத் தள்ளிவிடுவதற்கென்றே பெயர் வாங்கிய ஒரு மலைமுகட்டில். ஆக மலையை இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துவதில் நமக்கு நீண்ட மரபு இருக்கிறது. டூயட்டுக்குப் பயன்படுத்துவதுதான் நேற்றைய புதுப்பழக்கம். நாதகுத்தனார் பாடிய குண்டலகேசியில் இன்று நம் கைக்குக் கிடைப்பது 20க்கும் குறைவான பாடல்கள். மற்றதெல்லாம் போய்விட்டது. காப்பியத்தைப் படிக்காத, படிக்கவும் முடியாத ஒரு தேசத்துக்கு அதன் உச்சக்கட்டம் மட்டும் பாட்டோடு மனப்பாடம். இதைப் படமாக்கிய இருவரில் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், தமிழ் தெரியாது. தமிழ் தெரியாதவர், தொலைந்துபோன தமிழ்க் காப்பியத்தை, சேலத்தில் உட்கார்ந்து மீட்டெடுத்தார் என்றால் தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். நான் சொல்லவில்லை.

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார்: அது ஏற்காடுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? படத்தில் 'படப்பிடிப்பு: ஏற்காடு' என்று போர்டா மாட்டியிருக்கிறார்கள்? மாட்டவில்லை. சேலத்துப் பழைய ரசிகர்கள் அது ஏற்காட்டு மலைதான் என்று சத்தியம் செய்வார்கள். ரசிகர் சத்தியத்தை நீதிமன்றம் ஏற்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே சந்தர்ப்ப சாட்சியத்துக்கு வருகிறேன். படத்தை எடுத்தது மாடர்ன் தியேட்டர்ஸ். 1935இல் சேலத்தில் அதை ஆரம்பித்து, டங்கனோடு சேர்ந்து இந்தப் படத்தை இயக்கியவர் டி.ஆர். சுந்தரம், நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். சினிமாவையும் ஒரு மில் நடத்துவது போலவே நடத்தினார்: மாதச் சம்பளம், மணிக்கணக்கு, வருஷத்துக்கு இத்தனை படம் என்று உற்பத்தி. ஸ்டூடியோ இருந்த இடம் எது? ஏற்காடு சாலை. வாசலில் நின்று நிமிர்ந்தால் சேர்வராயன் மலை. அதே சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் உச்சி. இப்படிப்பட்ட ஒரு முதலாளி, வாசலில் சும்மா கிடைக்கிற மலையை விட்டுவிட்டு, கேமராவையும் ஆட்களையும் லாரியில் ஏற்றி, 200 கிலோமீட்டருக்கு மேல் போய், ஊட்டியில் சாப்பாடும் போட்டு ஒருவனைத் தள்ளிவிட்டு வருவாரா? நூல் வியாபாரி ரத்தம் ஒத்துக்கொள்ளுமா? உயரத்தைக் காரணம் காட்டியும் பயனில்லை. ஊட்டி 2,240 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். தள்ளிவிட 1,500 தாராளம்.

இன்னொரு ஆட்சேபம் எண்ணிக்கை பற்றியது. ஒரே ஒரு காட்சியை வைத்துக்கொண்டு இத்தனை ஆர்ப்பாட்டமா, ஊட்டியில் எடுத்த படங்களை எண்ணி முடியுமா என்பார்கள். முடியாதுதான். அதுவே ஊட்டியின் சங்கடம். அத்தனை படத்துக்கு நின்ற மலை எந்தப் படத்துக்கும் சொந்தமாகவில்லை. சுற்றுலாப் பட்டியலில் 'ஷூட்டிங் பாயிண்ட்' என்று பொதுவாகப் போட்டு முடித்துவிட்டார்கள். யார் ஆடினார், யாரோடு ஆடினார், ஏன் ஆடினார் என்று கைடும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கொடைக்கானல் பரவாயில்லை. அங்கே டெவில்ஸ் கிச்சன் என்று ஒரு குகை இருந்தது. 1991இல் கமல்ஹாசன் நடித்த 'குணா'வை அதற்குள் எடுத்தார்கள், குகையின் பெயரே குணா குகை ஆகிவிட்டது. 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்து, 'குணா'வில் வந்த இளையராஜாவின் பாட்டை அதே குகைக்கு மேல் ஒலிக்கவிட்டதும், கேரளத்திலிருந்தும் ஜனங்கள் கிளம்பி வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு காட்சி போதும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஏற்காட்டுக்கோ இந்தக் கொடுப்பினை இல்லை. லேடிஸ் சீட் உண்டு, ஜென்ட்ஸ் சீட் உண்டு, குழந்தைகளுக்குத் தனி சீட் உண்டு, பகோடா பாயிண்ட் உண்டு. பார்த்திபனுக்கு ஒரு பாறைகூட இல்லை. ஏற்காட்டின் பெயர் விஷயமே எப்போதும் இப்படித்தான். ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று ஒரு ரயில் சென்னையில் கிளம்பினால் சேலத்தில் நின்று, மலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஈரோட்டுக்குப் போய்விடும். ரயிலுக்குப் பெயர் இருக்கிறது, மலை இல்லை. படத்துக்கு மலை இருக்கிறது, பெயர் இல்லை.

கடைசியாக வரும் ஆட்சேபம்தான் கொஞ்சம் உறைப்பானது. 1950இல் பிறக்கவே பிறக்காதவர்களுக்கு அந்தப் படத்தின் மேல் என்ன ஏக்கம், இது இரவல் ஏக்கம் இல்லையா என்று கேட்பார்கள். இரவல்தான், கொடுத்தது டிவி. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னையில் தூர்தர்ஷன் வந்தது. அதற்குப் பிறகு வளர்ந்த ஒரு தலைமுறைக்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம்தான் பழைய காலம். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்ததால் அவர்கள் எதையும் இழக்கவும் இல்லை. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' பலகை எந்த இடத்தில் வரும் என்ற திகில் வேறு. அமுதவல்லியின் இரண்டாவது சுற்றில் அது வந்துவிட்டால் ஒரு வாழ்நாள் முழுக்கக் குறை. இப்போது முரசு டிவியில் இதே காலத்துப் படங்கள் ஓடுகின்றன; சாதம் பிசைந்த கையோடு பார்க்கும் பேரப்பிள்ளைக்கும் நடராஜனின் பேச்சு பழகிவிடுகிறது. பிறப்பதற்கு முந்தைய காலத்துக்கு ஏங்கக் கூடாது என்று சட்டம் போட்டால் முதலில் மாட்டுபவர் கருணாநிதி. பல நூற்றாண்டு பழைய கதைக்கு ஏங்கித்தான் அவர் இந்தப் படத்தையே எழுதினார். அவருக்குப் பனையோலை செய்த வேலையை நமக்கு டிவிப் பெட்டி செய்தது. இதில் யார் யாரை இரவல் என்பது?

மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படத்துக்கு மேல் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இலும், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இலும் அங்கிருந்துதான் வந்தன. அறுபதுகளில் ஜெய்சங்கரை ஜேம்ஸ்பாண்ட் ஆக்கிய 'வல்லவன் ஒருவன்' அவர்களுடையதே. இப்போது சாலையோரத்தில் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. ஏற்காட்டுக்கு ஏறுகிற ஜனங்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். பலருக்கும் சுற்றுலா அதற்கப்புறம்தான் ஆரம்பம். குழந்தைகளுக்குக் குரங்கு காட்டுவதற்காக வண்டியை நிறுத்துகிறவர்கள் இந்த வளைவுக்கு நிறுத்துவதில்லை. குரங்கு வேறு எங்கும் கிடைக்கும் என்பது என் தாழ்மையான கருத்து.

மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா நடக்கிறது. மலர்க் கண்காட்சி உண்டு, ஏரியில் படகுப் போட்டி உண்டு, நாய்க் கண்காட்சிகூட உண்டு. நாய்க்கு ஒரு நாள் ஒதுக்குகிறவர்கள் ஒரு ராத்திரி ஏரிக்கரையில் திரை கட்டி 'மந்திரி குமாரி'யைப் போட்டால் என்ன? குடும்பத்தோடு வருகிற ஊரில், புதுசாகக் கல்யாணமானவர்கள் கைகோத்து உலாவுகிற இடத்தில், மனைவி கணவனைத் தள்ளிவிடுகிற படமா என்று சுற்றுலாத் துறை தயங்கும். தயங்க வேண்டியதே இல்லை. செல்பி எடுக்கும் ஆசையில் விளிம்பு வரைக்கும் போகிற ஆண்கள் மறுநாள் காலை நாலடி தள்ளியே நிற்பார்கள். எச்சரிக்கைப் பலகை வைத்து ஆகாத காரியம் மூன்று சுற்றில் ஆகிவிடும். "அப்படியே நில்லுங்க, உங்களைச் சுத்தி வந்து ஒரு வீடியோ எடுத்துக்கறேன்" என்று மனைவி சொல்கிறபோது மட்டும் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும்.